ஜிஎஃப்எக்ஸ் 100எஸ்-க்கு அகல ஷிஃப்ட் லென்ஸ்: 30-ஆ, 24-ஆ, 17-ஆ?

படிக்கட்டு எழுதியது:

வணக்கம். கட்டடங்களைப் படம் எடுப்பதுதான் என் வேலை. பெரும்பாலும் கட்டடக் கலைஞர்களுக்காக. வெளித்தோற்றம் பாதி, உட்புறம் பாதி. கேமரா ஃபூஜி ஜிஎஃப்எக்ஸ் 100எஸ். அகலமான லென்ஸ் என்று இப்போது கையில் இருப்பது ஜிஎஃப் 20-35 மி.மீ. ஜூம் மட்டும் (எண் குவியத் தூரம், குறையக் குறையக் காட்சி அகலும்). அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. உயரமான கட்டடங்கள் வந்தால்தான் திண்டாட்டம்.

இதுவரை இரண்டு வழியில் சமாளித்து வருகிறேன். கேமராவை மட்டமாக வைத்து, நெடுக்காகத் திருப்பி, 20-ல் எடுத்துவிட்டுக் கீழே வரும் தரையை வெட்டிவிடுவது ஒன்று. அப்படி வெட்டினால் 102 மெகாபிக்ஸலில் பாதிக்கு மேல் போய்விடுகிறது. இன்னொன்று, அண்ணாந்து எடுத்து, சாய்ந்த கோடுகளை மென்பொருளில் நிமிர்த்துவது. அதில் மேல்மாடிகள் இழுபடுகின்றன. முகப்பில் வரிசையாக இருக்கும் மெல்லிய அலுமினியத் தகடுகள், கைப்பிடிக் கம்பிகள் எல்லாம் மேலே போகப் போகக் குழைந்துவிடுகின்றன. பெரிய அச்சு போட்டால் பளிச்சென்று தெரிகிறது.

ஆகவே ஷிஃப்ட் லென்ஸ், அதாவது கேமராவைச் சாய்க்காமலே மேலேயோ பக்கத்திலோ நகர்த்தக்கூடிய லென்ஸ், வாங்குவது என்று முடிவு செய்துவிட்டேன். எதை என்பதுதான் கேள்வி. ஃபூஜியின் ஜிஎஃப் 30 டில்ட்-ஷிஃப்ட் ஒன்று (டில்ட் என்றால் லென்ஸைச் சாய்ப்பது). அடாப்டர் (வேறு நிறுவன லென்ஸைப் பொருத்தும் இணைப்பு) போட்டுக் கேனன் டிஎஸ்-இ 24 இரண்டாம் பதிப்பு அல்லது டிஎஸ்-இ 17. அப்புறம் லாவோவா 20 ஷிஃப்ட். விவரப் பட்டியலைப் பார்த்தால் ஃபூஜி 15 மி.மீ. நகர்கிறது, கேனன் 12, லாவோவா இந்த சென்சாரில் 8. அந்தக் கணக்கில் ஃபூஜிதான் முதலிடம். ஆனால் 30 போதுமான அகலமா? 20-க்குப் பழகிய கண்ணுக்கு அது குறுகலாகத் தெரியுமோ என்று தயக்கமாக இருக்கிறது. ஆட்டோஃபோகஸ் எனக்குத் தேவையில்லை. ட்ரைபாட் இல்லாமல் எடுப்பதே இல்லை.

ரசமட்டம் எழுதியது:

வணக்கம் நண்பரே. நல்ல கேள்வி. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் விவரப் பட்டியலில் இருக்கும் 15, 12, 8 என்ற எண்களை வைத்து இதை முடிவு செய்யவே கூடாது. முதலில் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். உங்கள் சென்சாரில் உண்மையில் எவ்வளவு தூரம் நகர்த்த முடியும்? அப்படி நகர்த்தினால் அந்தக் குவியத் தூரத்தில் எவ்வளவு உயரம் எட்டும்?

உங்கள் சென்சார் 43.8-க்கு 32.9 மி.மீ. கேனன் 24-க்கும் 17-க்கும் இமேஜ் சர்க்கிள், அதாவது லென்ஸ் உள்ளே விழவைக்கும் பட வட்டத்தின் விட்டம், 67.2 மி.மீ. 12 மி.மீ. ஷிஃப்ட் என்பது 36-க்கு 24 சென்சாருக்குச் சொன்ன கணக்கு. உங்கள் சென்சாரை அந்த வட்டத்துக்குள் வைத்து நகர்த்தினால், கேமரா படுக்கையாக இருக்கும்போது மேலே சுமார் 9 மி.மீ. போகலாம். நெடுக்காக இருந்தால் 7.4 வரைதான். அதைத் தாண்டினால் மூலை கறுத்துவிடும். ஃபூஜி 30-இன் வட்டம் 85 மி.மீ. அதில் எந்தப் பக்கம் திருப்பினாலும் 15-ம் முழுசாகக் கிடைக்கும், கொஞ்சம் மிச்சமும் இருக்கும். லாவோவா 20-க்கு வட்டம் 65. படுக்கையில் ஏறக்குறைய 7.5, நெடுக்கில் 6.

இதுவரை பார்த்தால் ஃபூஜி எங்கேயோ இருப்பது போலத்தான் தெரியும். இப்போது உயரத்துக்கு வாருங்கள். சென்சாரின் பாதி உயரத்தோடு ஷிஃப்ட்டைக் கூட்டுங்கள். அதைக் குவியத் தூரத்தால் வகுங்கள். வரும் எண்ணைக் கட்டடம் இருக்கும் தூரத்தோடு பெருக்கினால், கேமரா மட்டத்துக்கு மேலே எவ்வளவு உயரம் படத்துக்குள் வரும் என்பது கிடைத்துவிடும்.

நெடுக்காகப் பிடித்தால் ஃபூஜி 30-க்கு 21.9-உம் 15-உம் சேர்ந்து 36.9. அதை 30-ஆல் வகுத்தால் 1.23. கேனன் 24-க்கு 21.9-உம் 7.4-உம் சேர்ந்து 29.3. அதை 24-ஆல் வகுத்தால் 1.22. இரண்டும் ஒரே உயரம்! பாதி ஷிஃப்ட் மட்டுமே கிடைக்கும் 24, முழு ஷிஃப்ட் கிடைக்கும் 30-க்குச் சமமாக எட்டுகிறது. படுக்கையாகப் பிடித்தாலும் இதே கதைதான், இரண்டும் 1.05 பக்கம் வருகின்றன. உங்கள் ஜூம் 20-ல் நெடுக்காக, எந்த ஷிஃப்ட்டும் இல்லாமல் 1.1 எட்டுகிறது. லாவோவா 20 எட்டுவது 1.4. கேனன் 17 எல்லாவற்றையும் தாண்டி 1.72.

20 மீட்டர் தள்ளி, கண் உயரத்தில் கேமராவை வைத்து நிற்பதாக எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஜூம் 23 மீட்டர் உயரம் வரை பார்க்கும். 30-உம் 24-உம் 26 மீட்டர். லாவோவா 29 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். 17 போட்டால் 36 மீட்டர். மாடிக் கணக்கில் யோசித்தால், ஜூமிலிருந்து 30-க்குப் போவதால் உயரத்தில் ஒரு மாடிதான் கூடுதல்.

அப்படியென்றால் 30 எதற்கு என்று கேட்பீர்கள். வித்தியாசம் படத்தின் அடியில் இருக்கிறது. அதே இடத்தில், அதே நெடுக்குப் படத்தில், 30-ஐ 15 மி.மீ. ஏற்றினால் தரை உங்களுக்கு 6.5 மீட்டர் முன்னாலிருந்துதான் படத்துக்குள் வரும். 24-ஐ 7.4 ஏற்றினால் 2.5 மீட்டரிலிருந்தே வந்துவிடும். ஷிஃப்ட் இல்லாத 20-ல் ட்ரைபாட் காலுக்குப் பக்கத்திலிருந்து, 1.4 மீட்டரிலிருந்து தரை ஆரம்பம். 30-ல் கேமரா மட்டத்துக்கு மேலே இருப்பதற்கு சென்சாரின் 84 சதவீதம் கிடைக்கிறது. 24-ல் 67 சதவீதம். உங்கள் ஜூமில் சரிபாதி. மீதியெல்லாம் பெரும்பாலும் சாலை, நடைபாதை, நிறுத்தியிருக்கும் வண்டிகள்.

பிக்ஸல் கணக்கும் இதிலேயே வந்துவிடுகிறது. 30-இன் கோணத்துக்கு 24-இன் படத்தை வெட்டினால் 65 மெகாபிக்ஸல் மிஞ்சும். 20-இன் படத்தை வெட்டினால் 45. 30-ல் 102-ம் அப்படியே கட்டடத்துக்குப் போகிறது. உங்கள் குறை மேல்மாடித் தகடுகள் குழைவது. அதற்கு நேரடியான மருந்து 30.

ஒரு காரியம் செய்யுங்கள். முடித்துக் கொடுத்த பழைய படங்களை எடுத்துப் பாருங்கள். 20-ல் எடுத்து, வெட்டிய பிறகு 45 மெகாபிக்ஸலோ அதற்குக் குறைவாகவோ நின்ற படங்கள் எத்தனை? அவையெல்லாம் 30-ல் எடுத்திருக்கக்கூடியவை. 45-க்கும் 71-க்கும் நடுவில் நிற்பவை 24-இன் பங்கு. அதற்கு மேலே நிற்பவை நிஜமாகவே அகலம் கேட்கும் படங்கள். விவரப் பட்டியல் எதையும் விட உங்கள் பழைய படங்கள் சரியான பதில் சொல்லும்.

தூக்குக்குண்டு எழுதியது:

ரசமட்டம் சொன்ன கணக்கு சரி. நான் கேனன் 24-ஐ ஜிஎஃப்எக்ஸில் வைத்துத்தான் வேலை செய்கிறேன், அதனால் அடாப்டர் பக்கத்தைச் சொல்கிறேன்.

கேனன் லென்ஸில் அப்பர்ச்சர் வளையம் (ஒளி நுழையும் துளையைக் கையால் மாற்றும் வளையம்) கிடையாது. எல்லாம் மின்சாரக் கட்டுப்பாடு. ஆகவே கேமராவோடு பேசக்கூடிய மின்னணு அடாப்டர்தான் வேண்டும். வெறும் குழாய் அடாப்டர் போட்டால் லென்ஸ் முழுசாகத் திறந்தபடியே நிற்கும். அந்த முழுத் திறப்பில், எஃப் 3.5-ல் (எஃப் எண் கூடக் கூடத் துளை சிறிது), ஷிஃப்ட் செய்த விளிம்பு எந்த லென்ஸிலும் அச்சுக்கு ஆகாது.

அடாப்டரில் பார்க்க வேண்டிய இன்னொன்று அதன் தட்டைத்தன்மை. இந்த சென்சாரில் ஒரு பிக்ஸல் 3.76 மைக்ரான்தான். அடாப்டரின் இரண்டு முகமும் ஒன்றுக்கொன்று துளி இணையாக இல்லாவிட்டால்கூட, கேட்காமலேயே டில்ட் போட்ட மாதிரி ஒரு பக்கம் மென்மையாகிவிடும். வந்ததும் ஒரு செங்கல் சுவரையோ, தூரத்துக் கட்டட வரிசையையோ ஷிஃப்ட் இல்லாமல் எடுத்து, இடது விளிம்பையும் வலது விளிம்பையும் 100 சதவீதத்தில் ஒப்பிடுங்கள். பிறகு கேமராவைத் தலைகீழாகத் திருப்பி வைத்து அதே காட்சியை மறுபடி எடுங்கள். மென்மை காட்சியில் பக்கம் மாறினால் குறை கேமராவின் பக்கம், அதாவது லென்ஸிலோ அடாப்டரிலோ. மாறாவிட்டால் நீங்கள் சுவருக்கு நேராக நிற்கவில்லை என்று அர்த்தம். லென்ஸையே சந்தேகப்படும் முன் வேறொரு லென்ஸை அதே அடாப்டரில் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

டில்ட் பூட்டு பற்றியும் சொல்ல வேண்டும். 24-ல் டில்ட் குமிழ் சுழியத்தில் லேசாகச் சிக்கி நிற்கும். ஆனால் பையில் கிடந்து அசைந்திருக்கலாம். எடுக்கும் முன் ஒவ்வொரு முறையும் பூட்டைத் தொட்டுப் பார்ப்பது என் பழக்கம். அகல லென்ஸில் அரை டிகிரி டில்ட்டே மேல்மாடியை மங்கடிக்கப் போதும்.

கடைசியாக ஒன்று. ஜிஎஃப்எக்ஸில் 35 மி.மீ. ஃபார்மட் என்று ஒரு அமைப்பு இருக்கிறதே, அதைப் போட்டால் நடுவிலிருந்து 36-க்கு 24 பகுதியை மட்டும் எடுக்கும். உங்கள் கேமராவில் அது ஏறக்குறைய 60 மெகாபிக்ஸல். அந்த அமைப்பில் கேனன் லென்ஸின் 12 மி.மீ. முழுசாகப் பயன்படும். ஃபைண்டரிலேயே கறுத்த மூலை இல்லாமல் பார்த்து அமைக்க வசதி. ஆனால் நான் அதை ஃபைண்டருக்காகக்கூட அதிகம் போடுவதில்லை. முழு சென்சாரில் எடுத்துக் கறுத்த மூலையை வெட்டுவதே மேல். மேல் மூலைகளில் பெரும்பாலும் வானம்தான் இருக்கும்.

அரைவட்டம் எழுதியது:

17-ஐப் பற்றி யாரும் அதிகம் சொல்லவில்லை, அதனால் நான் சொல்கிறேன். அதை வைத்திருக்கிறேன், பிடிக்கும், ஆனால் முதல் ஷிஃப்ட் லென்ஸாக யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

உயரக் கணக்கில் 1.72 வருகிறதே, அது கோணமாகப் பார்த்தால் கேமரா மட்டத்திலிருந்து 60 டிகிரி. நேர்க்கோடுகளை நேராகவே காட்டும் எந்த லென்ஸிலும் அவ்வளவு ஓரத்துக்குப் போனால் உருவம் இழுபட்டே தீரும். 60 டிகிரியில் மேல்நோக்கிய நீட்சி குறுக்கு நீட்சியைப் போல இரண்டு மடங்கு. உருண்டையான விளக்கு முட்டை வடிவமாகும். மொட்டைமாடியில் நிற்கும் தண்ணீர்த் தொட்டி உயரமான உருளையாகத் தெரியும். சதுர ஜன்னல் சதுரமாகவே இருக்கும், ஏனென்றால் அது சென்சாருக்கு இணையான தளத்தில் இருக்கிறது. ஆனால் சுவரிலிருந்து வெளியே துருத்தும் பால்கனி, சன்ஷேட், உச்சியில் இருக்கும் கலசம் போன்றவை எல்லாம் மேலே பறப்பது போல் ஆகிவிடும். தட்டையான முகப்பு என்றால் 17 அற்புதம். ஆழமுள்ள முகப்பு என்றால் பாதி ஷிஃப்ட்டோடு நிறுத்திக்கொள்வேன்.

அதன் முன் கண்ணாடி குவிந்து வெளியே நிற்கும். ஃபில்ட்டர் திருக இடமில்லை. கண்ணாடி முகப்புகளுக்குப் போலரைசர் (பிரதிபலிப்பைக் குறைக்கும் ஃபில்ட்டர்) போட்டே ஆக வேண்டும் என்றால் 24-க்கு வாருங்கள், அதில் 82 மி.மீ. ஃபில்ட்டர் போடலாம். பக்கத்திலிருந்து வரும் வெயிலையும் அந்த முன் கண்ணாடி உடனே பிடித்துக்கொள்ளும். கையாலோ அட்டையாலோ மறைத்துத்தான் எடுக்க வேண்டும்.

லாவோவா 20-ஐயும் கொஞ்ச காலம் வைத்திருந்தேன். நேர்கோடுகள் வளைவது மிகக் குறைவு, அது பெரிய பலம். டில்ட் கிடையாது, அப்பர்ச்சரும் கையால்தான். இந்த சென்சாரில் வட்டத்தின் விளிம்பில் கூர்மை விழுவதால் எஃப் 11 வரை போக வேண்டியிருக்கும். அகலமும் உயரமும் சேர்த்து வேண்டும், ஆனால் மேல் மூலை வானமாக இருந்தால் பரவாயில்லை என்பவருக்கு நல்ல லென்ஸ். தகடுகள் மேலே வரை கூர்மையாக வேண்டும் என்று கேட்கும் உங்களுக்கு இல்லை.

வெளிச்சம் எழுதியது:

இதே கேள்வி எனக்கும் இருக்கிறது, ஆனால் என்னிடம் இருப்பது ஹாசல்பிளாட் எக்ஸ்2டி. அதற்கு அடாப்டர் போட்டு ஷிஃப்ட் லென்ஸ் வைக்கலாமா? பெரும்பாலும் உட்புற வேலை. கூடவே இன்னொரு சந்தேகம். டில்ட் இல்லாத லென்ஸ் வாங்கினால் பிறகு வருத்தப்பட வேண்டியிருக்குமா?

ரசமட்டம் எழுதியது:

வெளிச்சம், எக்ஸ்2டி-யில் ஷட்டர் லென்ஸுக்குள் இருக்கிறது, கேமராவுக்குள் இல்லை. கேனன், லாவோவா மாதிரி லென்ஸை அடாப்டரில் போட்டால் மின்னணு ஷட்டர் மட்டும்தான். சென்சார் வரிசை வரிசையாகப் படிக்கப்படும். துடிக்கும் எல்இடி விளக்குகள் இருக்கும் அறையில் குறுகிய நேரம் கொடுத்தால் படத்தில் பட்டைகள் விழும். கட்டட உட்புறத்தில் நாம் எப்படியும் ட்ரைபாட்டில், அடிப்படை ஐஎஸ்ஓ-வில், எஃப் 11-ல் எடுக்கிறோம். நேரம் கால் விநாடி, அரை விநாடி என்று நீளும்போது துடிப்பு சராசரியாகி மறைந்துவிடும். ஆகவே எடுக்கலாம். பகல் வெளிச்சமும் விளக்கும் சேர்ந்து நேரம் குறுகும் இடங்களில் கவனம் வேண்டும். நடக்கும் மனிதர்களும் படத்தில் சாய்ந்து தெரிவார்கள். ஜிஎஃப்எக்ஸில் ஷட்டர் கேமராவிலேயே இருப்பதால் இந்தக் கவலை இல்லை.

டில்ட் பற்றி என் கருத்து: அகல லென்ஸில், கட்டட வேலையில், அது இல்லாமல் இருக்கலாம். தரைத்தளம் முழுக்கக் கூர்மையாக வேண்டும் என்றால் தேவைப்படும் டில்ட் மிகச் சிறியது. 30 மி.மீ. லென்ஸ், 1.5 மீட்டர் உயரத்தில் கேமரா என்றால் 1.15 டிகிரிதான். அதைப் போட்டதும் கூர்மை தரையோடு படுத்துவிடும். கட்டடத்தின் உச்சி அந்தத் தளத்திலிருந்து விலகி மங்கும். எஃப் 11-ல் 30 மி.மீ. லென்ஸ் சாதாரணமாகவே தேவையான ஆழத்தைக் கொடுத்துவிடும். எஃப் 16-க்குப் போனால் விளிம்புச் சிதறல் (சிறு துளையில் ஒளி சிதறிப் படம் மென்மையாவது) இந்தச் சிறு பிக்ஸல்களில் தெரிய ஆரம்பிக்கிறது, அதனால் நான் 11-ல் நின்றுவிடுவேன். டில்ட் நீளமான லென்ஸுக்கு, மேஜைமேல் வைத்து எடுக்கும் பொருள்களுக்குப் பெரிய வரம். அகலத்துக்கு ஷிஃப்ட் போதும். இன்னொன்றும் இருக்கிறது. டில்ட் செய்தால் இமேஜ் சர்க்கிளும் ஒரு பக்கம் நகர்ந்துவிடும். ஏற்கெனவே விளிம்பு வரை ஷிஃப்ட் செய்திருந்தால் மூலை கறுக்கும்.

படிக்கட்டு எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. ரசமட்டம் சொன்னபடி பழைய படங்களை எல்லாம் திறந்து பார்த்தேன். வெளித்தோற்றப் படங்களில் பெரும்பாலானவை 45 மெகாபிக்ஸலுக்குக் கீழேதான் நிற்கின்றன. நான் அகலம் வேண்டும் என்று 20-க்குப் போகவில்லை, உயரம் எட்டவில்லை என்றுதான் போயிருக்கிறேன் என்று இப்போது தெளிவாகத் தெரிகிறது. ஆகவே வெளிப்புறத்துக்கு 30 என்று மனம் வந்துவிட்டது.

உட்புறம்தான் இடிக்கிறது. ஒரு நூலகத்தின் வாசிப்புக் கூடம், சுழலும் படிக்கட்டுக் கூண்டு, இவற்றில் 20-இன் அகலம் முழுசாகவே பயன்பட்டிருக்கிறது. அங்கே 30 பயன்படாமல் போகுமா? அதற்காகக் கேம்போ ஆக்டஸ் மாதிரி, கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே துருத்தி வைத்த பெல்லோஸ் அமைப்புக்குப் போய், ரோடன்ஸ்டாக் லென்ஸ் வாங்குவது சரியா? ரோடன்ஸ்டாக் 32-இன் இமேஜ் சர்க்கிள் 90 மி.மீ. என்று படித்தேன்.

தூக்குக்குண்டு எழுதியது:

ரோடன்ஸ்டாக் எச்ஆர் டிஜரான்-டபிள்யூ 32 அருமையான லென்ஸ், 90 மி.மீ. வட்டமும் உண்மைதான். ஆனால் அது டிஜிட்டல் பேக் (பின்னால் தனியாக மாட்டும் சென்சார் பெட்டி) மாட்டும் டெக்னிக்கல் கேமராக்களுக்காகப் பிறந்தது. ஜிஎஃப்எக்ஸில் சென்சார், லென்ஸ் பொருந்தும் வாயான மவுண்ட்டிலிருந்து 26.7 மி.மீ. உள்ளே இருக்கிறது. பெரிய ஷிஃப்ட் செய்தால் சாய்வாக வரும் ஒளியை மவுண்ட்டின் சுவரே மறைக்கும். அகலமான லென்ஸ்களில் வட்டம் பெரிதாக இருந்தும் அதை முழுசாகப் பயன்படுத்த முடியாமல் போகும். சென்சாருக்கு மிக நெருக்கமாக உட்காரும் பழைய ஷ்னைடர் அகல லென்ஸ்களில் ஓரத்தில் நிறம் மாறும், வெள்ளைத் தகடு வைத்து ஒரு படம் எடுத்து அதைச் சரிசெய்ய வேண்டும். 100 மெகாபிக்ஸல் சென்சார் பின்னொளி வகை (ஒளி வரும் பக்கத்தில் மின்சுற்றுக் கம்பிகள் மறைக்காதது) என்பதால் பழைய 50 மெகாபிக்ஸல் சென்சாரை விட இதில் நன்றாகவே தாங்கும், ஆனாலும் வேலை கூடும். பெல்லோஸ் அமைப்பு 90 மி.மீ.க்கு மேற்பட்ட லென்ஸ்களோடு பொருள்களை எடுப்பவருக்கு ரொம்ப நல்லது. உங்கள் தேவைக்கு அது சுற்றுவழி.

ரசமட்டம் எழுதியது:

படிக்கட்டு, 30 உட்புறத்தில் பயன்படுமா என்று கேட்டீர்கள். அதில்தான் அந்த 85 மி.மீ. வட்டத்தின் முழு அருமையும் இருக்கிறது.

கேமராவை நெடுக்காக வையுங்கள். ஷிஃப்ட்டை மேலே இல்லாமல் பக்கவாட்டில் திருப்புங்கள். இடது கோடியில் ஒரு படம், நடுவில் ஒன்று, வலது கோடியில் ஒன்று. மூன்றையும் சேர்த்தால் 62.9-க்கு 43.8 மி.மீ. சென்சாரில் எடுத்த மாதிரி, 190 மெகாபிக்ஸலுக்கு மேல் ஒரு படம் வரும். அதன் அகலத்தை 30-ஆல் வகுத்தால் 2.1. உங்கள் ஜூம் 20-ல் படுக்கையாகப் பார்க்கும் அகலம் 2.19. ஏறக்குறைய அதே அகலம், பிக்ஸல் இரண்டு மடங்கு பக்கம். மூன்று படங்களும் ஒரே தளத்தில் எடுத்தவை. கேமராவைச் சுழற்றி எடுக்கும் பனோரமா மாதிரி வளைத்து ஒட்ட வேண்டியதில்லை, வெறுமனே தள்ளி ஒட்டினால் போதும். வாசிப்புக் கூடத்தில் அலமாரிப் புத்தகங்களின் முதுகில் இருக்கும் எழுத்து ஓரம் வரை படிக்கக் கிடைக்கும்.

பக்கவாட்டோடு உயரமும் வேண்டும் என்றால், லென்ஸின் ஷிஃப்ட் அச்சை 45 டிகிரி திருப்பி வலது மேல் மூலைக்கு ஒரு படம், பிறகு மறுபக்கம் திருப்பி இடது மேல் மூலைக்கு ஒரு படம். 15 மி.மீ. சாய்வாகப் போகும்போது பக்கத்தில் 10.6, மேலே 10.6 கிடைக்கும். கேமராவை மட்டம் வைத்த பிறகு தொடவே கூடாது.

இதில் ஒரு தடை உண்டு. கேமரா அசையாமல் லென்ஸ் மட்டும் நகர்வதால், பார்வைப் புள்ளி ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு 30 மி.மீ. இடம் மாறுகிறது. தூரத்துச் சுவருக்கு அது ஒன்றுமே இல்லை. ஆனால் கைக்கு எட்டும் தூரத்தில் நாற்காலி முதுகோ படிக்கட்டுக் கைப்பிடியோ இருந்தால் ஒட்டும் இடத்தில் இரட்டை விளிம்பு விழும். அதற்கு ட்ரைபாட்டை லென்ஸோடு பிடிக்கும்படி மாட்ட வேண்டும், அப்போது லென்ஸ் நிற்கும், கேமரா நகரும். அது இல்லாவிட்டால் ட்ரைபாட் தலையில் மி.மீ. அளவு குறித்த ஒரு சறுக்குத் தகடு போட்டு, லென்ஸ் வலப்பக்கம் 15 போனால் கேமராவை இடப்பக்கம் 15 தள்ளுங்கள். லென்ஸ் நின்ற இடத்திலேயே நிற்கும்.

சுழலும் படிக்கட்டுக் கூண்டுக்கு மட்டும் இது உதவாது. அங்கே எல்லாமே அருகில் இருக்கும், மேலே நிமிர்ந்தோ கீழே குனிந்தோதான் எடுப்பீர்கள், நேர்கோடு காக்க வேண்டிய அவசியமும் இல்லை. அதற்கு உங்கள் 20-35 இருக்கிறது. அதை விற்றுவிடாதீர்கள்.

படிக்கட்டு எழுதியது:

பக்கவாட்டு ஷிஃப்ட்டில் 20-இன் அகலம் திரும்பக் கிடைக்கும் என்று நினைத்தே பார்க்கவில்லை. முடிவாகிவிட்டது, 30-தான். வாங்கும் முன் ஒரு வாரம் வாடகைக்கு எடுத்து, அந்தத் தகடு முகப்புக் கட்டடத்தை அதே இடத்தில் நின்று மறுபடி எடுக்கப் போகிறேன். ஒரு சின்னக் கேள்வி மட்டும் பாக்கி. ஃபோகஸ் எங்கே வைத்துப் பார்ப்பீர்கள், ஷிஃப்ட் செய்யும் முன்பா, பின்பா?

ரசமட்டம் எழுதியது:

எப்போதும் பின்பு. முதலில் கேமராவை மட்டம் பாருங்கள், ஷிஃப்ட்டை வைத்துப் பூட்டுங்கள். பிறகு லைவ் வியூவைப் பெரிதாக்கி, கட்டடத்தின் நடுப்பகுதியில் லென்ஸ் முழுசாகத் திறந்த நிலையில் ஃபோகஸ் வையுங்கள். அப்புறம் எஃப் 11-க்கு மூடி, பெரிதாக்கிய கட்டத்தை மேல் விளிம்புக்கு நகர்த்தி உச்சித் தகடுகளைப் பாருங்கள். அங்கே லேசாக மென்மை இருந்தால் ஃபோகஸை ஒரு மயிரிழை அருகிலோ தூரத்திலோ நகர்த்திப் பாருங்கள். கூர்மைத் தளம் முழுத் தட்டையாக இருக்காது, விளிம்பில் கொஞ்சம் வளையும். நடுவையும் உச்சியையும் இரண்டு படமாகத் தனித்தனி ஃபோகஸில் எடுத்து வைத்துக்கொள்வதும் உண்டு. ட்ரைபாட்டில் இருக்கும்போது கேமராவின் அசைவுத் தடுப்பை அணைத்துவிடுங்கள். வாடகைக்கு எடுக்கும் லென்ஸ் 1.3 கிலோவுக்கு மேல் இருக்கும். 24-இன் எடை 780 கிராம்தான். நெடுக்காகத் திருப்பியதும் ட்ரைபாட் தலை மெல்லக் கீழே இறங்கலாம். எல் வடிவத் தகடு போட்டு எடுங்கள், எடுத்த பிறகும் மட்டத்தை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.